கணினியில் சுற்றும் காந்தச் சக்கரம் கிணற்றில் தண்ணீர் இறைக்குமா?

‘கரன்ட் வேண்டாம், டீசல் வேண்டாம்’ எனும் காந்த ஜெனரேட்டர்களும், அவற்றின் கணினிச் செயல்விளக்கத்தை வீட்டிலேயே சோதிக்கும் வழிகளும்

கரன்ட் தேவையில்லை, டீசல் தேவையில்லை, வெயிலும் காற்றும்கூடத் தேவையில்லை. சக்கரத்தில் பதித்த காந்தங்களே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு காலம் முழுக்கச் சுற்றும். அதில் ஜெனரேட்டரை மாட்டினால் 5 எச்.பி மோட்டார் இரவு பகலாக ஓடும். இப்படிச் சொல்லும் வீடியோக்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிக்கொண்டே இருக்கின்றன.

இலவச மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் விவசாயிகளும், டீசல் இன்ஜினுக்கு ஊற்றியே கட்டுப்படியாகாமல் போனவர்களும் இந்த வீடியோவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கத்தான் செய்வார்கள். தேவை உண்மையானது. அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டுதான் முன்பணம் கேட்கிறார்கள்.

‘இயந்திரத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்டால், ‘அது தயாராகிக்கொண்டிருக்கிறது, இப்போதைக்கு இதைப் பாருங்கள்’ என்று கணினித் திரையைக் காட்டுவது இப்போது வந்திருக்கும் புது வழக்கம். திரையில் சிவப்பும் நீலமுமாகக் காந்தப்புலக் கோடுகள் ஓடும். சக்கரம் சுற்றும். பக்கத்திலேயே ‘உற்பத்தி 5 கிலோவாட்’ என்று எண் ஏறும். ‘கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது’ என்றவுடன் படித்தவர்கள்கூடத் தயங்கி நின்றுவிடுகிறார்கள். கணினி சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தயக்கம் போய்விடும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

இறங்கும் சரிவும் ஏறும் சரிவும்

கமலை இறைத்ததைப் பார்த்த பெரியவர்களுக்குக் காந்தச் சக்கரத்தின் கணக்கு உடனே புரியும். காளைகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் எடையும் சேர்ந்து வடத்தை இழுக்கும். சால் மேலே வரும். ஆனால் அடுத்த சாலுக்குக் காளைகள் அதே சரிவில் மேலே ஏறியாக வேண்டும். இறங்கும்போது சரிவு கொடுத்த உதவியை, ஏறும்போது சரிவே திரும்ப வாங்கிக்கொள்ளும். தண்ணீரை மேலே கொண்டுவந்த ஆற்றல் சரிவிலிருந்து வரவில்லை. காளை தின்ற வைக்கோலிலிருந்தும் பருத்திக்கொட்டையிலிருந்தும் வந்தது.

காந்தமும் ஒரு சரிவுதான். சக்கரத்தில் உள்ள காந்தம், வெளியே நிற்கும் காந்தத்தை நோக்கி இழுக்கப்படும்போது வேகம் கூடும். அதைத் தாண்டிப் போகும்போது அதே காந்தம் பின்னால் பிடித்து இழுக்கும். கூடிய வேகம் அப்படியே குறையும். காந்தத்தைச் சாய்த்து வைத்தாலும், வரிசையை மாற்றினாலும், சுருள் பாதையில் அடுக்கினாலும் ஒரு முழுச் சுற்று முடிந்து பழைய இடத்துக்கு வரும்போது வரவும் செலவும் சரியாகிவிடும். மிச்சம் பூஜ்யம். அதிலும் பேரிங் உராய்வு, காற்றின் தடை என்று கழிவு போவதால், கையால் சுற்றிவிட்ட சக்கரம் சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

ஒரு கிலோ காந்தத்தில் எவ்வளவு ஆற்றல்?

‘காந்தத்துக்குள்ளேயே சக்தி இருக்கிறது, அதைத்தான் எடுக்கிறோம்’ என்றும் சொல்வார்கள். காந்தத்தில் ஓரளவு ஆற்றல் இருப்பது உண்மை. எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இன்று சந்தையில் கிடைப்பவற்றில் வலுவானது நியோடிமியம் காந்தம். அதன் உயர்தர வகையில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 4 லட்சம் ஜூல் என்பது தர அட்டவணையில் குறிக்கப்படும் அளவு. ஒரு கிலோ காந்தத்தின் கன அளவு சுமார் 133 மில்லி லிட்டர். அதாவது ஒரு சிறிய டம்ளர். அந்த அளவுக்கு வரும் ஆற்றல் சுமார் 53,000 ஜூல். 5 எச்.பி மோட்டார் வினாடிக்கு 3,730 ஜூல் வேலை செய்யும். ஆகவே, ஒரு கிலோ காந்தத்திலிருந்து அத்தனையையும் உருவி எடுத்தாலும் மோட்டார் 15 வினாடிகூட ஓடாது. அதற்குள் காந்தம் காந்தத்தன்மை இழந்து வெறும் உலோகக் கட்டியாகிவிடும். மறுபடியும் காந்தமாக்க, தொழிற்சாலையில் மின்சாரம் செலவழிக்க வேண்டும்.

இரவு பகலாக ஓடும் என்று சொல்பவரிடம் இந்த 15 வினாடிக் கணக்கைக் காட்டிப் பதில் கேட்கலாம்.

கணினி நிலம் அளக்கும் விதம்

காந்தத்தைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள்கள் போலியானவை அல்ல. மோட்டார் கம்பெனிகள் அவற்றை வைத்துத்தான் வடிவமைக்கின்றன. டேவிட் மீக்கர் என்பவர் உருவாக்கிய ‘ஃபெம்’ என்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கலாம். காந்த மோட்டார் ஆர்வலர்கள் பலர் பயன்படுத்துவதும் இதைத்தான். கருவி நல்லதுதான், அதைப் பிடிக்கும் கையைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மென்பொருள் வேலை செய்யும் விதம் சர்வேயர் நிலம் அளப்பதைப் போன்றது. கோணல்மாணலான புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அளந்து கூட்டினால் மொத்தப் பரப்பு கிடைக்கும். வரப்பு வளைந்து போகும் இடத்தில் பெரிய முக்கோணமாகப் போட்டால் சில சென்ட் விட்டுப்போகும், அல்லது பக்கத்து வயல் சேர்ந்துவிடும். முக்கோணங்களைச் சிறிதாக்கினால் பிழையும் சிறிதாகும். கணினியும் காந்தத்தையும் சுற்றியுள்ள காற்று இடைவெளியையும் ஆயிரக்கணக்கான முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் காந்தப்புலத்தைக் கணக்கிட்டுக் கூட்டுகிறது.

காந்தங்களுக்கு நடுவே உள்ள குறுகலான இடைவெளியில் முக்கோணம் பெரிதாக இருந்தால், விசைக் கணக்கில் சிறு பிழை வரும். சக்கரத்தை ஒரு பாகை திருப்பி விசையைக் கணக்கிட்டு, மறு பாகை திருப்பி மறுபடி கணக்கிட்டு, 360 பாகைக்கும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். சிறு பிழைகள் சேர்ந்து ஏதோ ஒரு எண் மிச்சமாக நிற்கும். அந்த மிச்சத்தை ‘இலவச ஆற்றல்’ என்று நம்பி வீடு நிலத்தை விற்று இயந்திரம் செய்ய இறங்கினால், கையில் வரும் இயந்திரம் சுற்றாது. சர்வே கணக்கில் கூடுதலாக வந்த 2 சென்ட்டில் நெல் விளையாது என்பது போலத்தான்.

செக்கு மாடு சொல்லும் பாடம்

இன்னொரு பிழை இதைவிடப் பெரிது. ஓடும் சக்கரத்தைக் கணினி தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. ஒரு நொடியைச் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு தாவுகிறது.

கண் கட்டிய செக்கு மாட்டை எண்ணிப் பார்க்கலாம். நுகத்தடி இல்லாமல் அதை வட்டமாக நடக்கச் சொன்னால், ஒவ்வோர் எட்டிலும் நேராக நடந்துவிட்டுப் பிறகு திரும்பும். நேராக வைத்த அந்த ஒவ்வோர் எட்டும் அதை வட்டத்துக்குச் சற்று வெளியே கொண்டுபோகும். எட்டு பெரிதாக இருந்தால் வட்டம் வேகமாக விரியும். எளிய முறையில் எழுதப்பட்ட கணினிக் கணக்கிலும் இதேதான் நடக்கும். வட்டம் விரிந்தால், கணக்குப்படி ஆற்றல் கூடிவிட்டதாக அர்த்தம்.

இதை எண்ணாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு சுருள் கம்பியில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுவதாக வைத்துக்கொள்வோம். உராய்வு இல்லையென்றால் அதன் ஆற்றல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கணினியில் ‘ஆய்லர் முறை’ எனும் மிக எளிய வழியில் இதைக் கணக்கிட்டால் வருவது இதுதான்:

• ஓர் ஆட்டத்தை 63 துண்டுகளாக வெட்டினால்: ஓர் ஆட்டத்தில் ஆற்றல் 87 சதவீதம் கூடும்.
• 628 துண்டுகளாக வெட்டினால்: 6.5 சதவீதம் கூடும்.
• 6,283 துண்டுகளாக வெட்டினால்: 0.6 சதவீதம் கூடும்.

முதல் வகையில் 10 ஆட்டம் முடிவதற்குள் ஆற்றல் 500 மடங்கைத் தாண்டிவிடும்! காந்தமே இல்லாத, வெறும் கம்பியும் எடையும்தான் இது. வீட்டில் பிளஸ் டூ கணிதம் படிக்கும் பிள்ளை இருந்தால், எக்செல் அட்டவணையில் அரை மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இதில்தான் சோதனையின் சூட்சுமம் இருக்கிறது. துண்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தபோது ‘இலவச ஆற்றலும்’ ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. உண்மையான ஆற்றல் என்றால், கணக்கை நுணுக்கமாகச் செய்யும்போது அது ஒரே எண்ணில் நிலைத்து நிற்கும். கணக்குப் பிழை என்றால் கரைந்துகொண்டே போகும்.

கணக்கில் வராத செலவுகள்

முக்கோணமும் நேரத் துண்டும் சரியாக இருந்தாலும், சில செலவுகளை எழுதாமல் விட்டால் லாபம் வரத்தான் செய்யும். உழவுக் கூலியையும் உரச் செலவையும் விட்டுவிட்டுக் கணக்கு எழுதினால் எந்தப் பயிரும் லாபம்தான்.

விட்டுப்போகும் செலவுகளில் முதலாவது, ஜெனரேட்டரின் எதிர்ப்பு. டைனமோ வைத்த சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இது தெரியும். டைனமோவை டயரோடு சேர்த்து விளக்கு எரிந்தவுடன் பெடல் கனத்துவிடும். மின்சாரம் எடுக்க எடுக்க, அந்த மின்சாரமே சுற்றுவதைத் தடுக்கும். ரஷ்யப் பேரரசில் பணியாற்றிய ஹென்ரிக் லென்ஸ் 1834-ல் வகுத்த விதி இது. திரையில் சக்கரம் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே 5 கிலோவாட் கொடுக்கிறது என்றால், இந்த எதிர்ப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது, தடுப்புத் தகடு. காந்தம் பின்னால் இழுக்கும் நேரத்தில் குறுக்கே ஓர் இரும்புத் தகட்டை நுழைத்து மறைத்துவிடலாம் என்பார்கள். இரும்பும் காந்தத்தால் இழுக்கப்படும். அதை உள்ளே நுழைத்து வெளியே எடுக்கும் உழைப்பு, மிச்சப்படுத்தியதைச் சாப்பிட்டுவிடும். சில கணினிப் படங்களில் தகடு தானாகவே வந்து போகும். அதை நகர்த்துவது யார் என்று கேட்டால் பதில் இருக்காது.

மூன்றாவது, கணக்கே இல்லாத படம். சினிமாவுக்கு வரையும் அனிமேஷன் மென்பொருளில் ‘சுற்று’ என்று கட்டளை கொடுத்தால் எதுவும் சுற்றும். கல் உரலையும் சுற்ற வைக்கலாம். அதில் இயற்பியல் ஒன்றும் இல்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஐந்து கணினிச் சோதனைகள்

பொறியியல் அல்லது பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், விற்பவரிடம் கணினிக் கோப்பைக் கேட்டு வாங்கி இந்தச் சோதனைகளைச் செய்யச் சொல்லலாம். கோப்பைத் தர மறுத்து வீடியோவை மட்டும் காட்டினால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

1. வெறும் தட்டுச் சோதனை: தராசில் எடை போடும் முன் வெறும் தட்டு சமமாக நிற்கிறதா என்று பார்ப்போம். அதுபோல, நிச்சயமாகச் சுற்ற முடியாத ஒன்றை முதலில் கணக்கிட வேண்டும். காந்தங்களுக்குப் பதில் அலுமினியத் துண்டுகளை வைத்தாலும், சக்கரத்தில் எந்தச் சாய்வும் இல்லாமல் காந்தங்களைச் சீராக அடுக்கினாலும் ஒரு சுற்றின் மிச்சம் பூஜ்யமாக வேண்டும். அங்கேயும் ஓர் எண் மிச்சம் வந்தால், அதுதான் அந்தக் கணக்கின் பிழை அளவு.

2. நுணுக்கச் சோதனை: முக்கோணங்களைப் பாதியாகச் சிறிதாக்கி மறுபடி கணக்கிட வேண்டும். பிறகு அதையும் பாதியாக்க வேண்டும். மிச்சம் குறைந்துகொண்டே போனால் அது பிழை.

3. நேரத் துண்டுச் சோதனை: சக்கரம் ஓடுவதாகக் காட்டும் கணக்கில் நேரத் துண்டைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். வேகம் கூடுவது அடங்கிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. முழுச் சுற்றுச் சோதனை: காந்தங்கள் தள்ளும் ஒரு பகுதியை மட்டும் காட்டி ‘பார்த்தீர்களா, வேகம் கூடுகிறது’ என்று சொன்னால் ஏற்கக் கூடாது. சரிவில் இறங்கும் காளையை மட்டும் படம் பிடித்த கதை அது. பல முழுச் சுற்றுகளுக்கு வரவு, செலவு இரண்டும் வேண்டும்.

5. பாரம் ஏற்றும் சோதனை: உராய்வையும் ஜெனரேட்டரின் எதிர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பாரம் ஏற்றியவுடன் வேகம் குறையாத கணக்கு எதுவும் சரியான கணக்கு இல்லை.

ஃபெம் மென்பொருள் தட்டையான வரைபடத்தில் வேலை செய்வது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காந்தத்தின் முனைகளில் பக்கவாட்டில் கசியும் புலம் அதில் வராது. ஆகவே, உண்மைக் காந்தத்தில் கிடைக்கும் விசை திரையில் தெரிவதிலிருந்து மாறும்.

எண்ணூறு ஆண்டுக் கனவு

இந்த ஆசை புதிதல்ல. பாஸ்கராச்சாரியார் 1150-ல் எழுதிய சித்தாந்த சிரோமணியில், ஆரக்கால்களில் பாதரசம் நிரப்பித் தானே சுற்றும் சக்கரம் ஒன்று விவரிக்கப்பட்டிருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த பீட்டர் பெரகிரினஸ் 1269-ல் காந்தத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், காந்தக் கல்லால் ஓயாமல் சுற்றும் பல்சக்கரம் ஒன்றை வரைந்திருக்கிறார். அவர்கள் காலத்தில் ஆற்றல் அழியாமை விதி கண்டறியப்படவில்லை. கனவு கண்டதில் தவறில்லை.

பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முயன்று தோற்ற பிறகு, 1775-ல் பாரிஸ் அறிவியல் கழகம் ‘நிற்காமல் ஓடும் இயந்திரம்’ பற்றிய விண்ணப்பங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்தது. இந்த ஆசையில் பல குடும்பங்கள் அழிந்துபோனதையும் அது காரணமாகச் சொன்னது.

அண்மைக் காலத்திலும் நேர்மையாகச் சோதிக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. அமெரிக்காவில் ஜோசப் நியூமன் என்பவர், கொடுத்ததைவிட அதிக ஆற்றல் தரும் காந்த இயந்திரம் என்று பேட்டன்ட் கேட்டார். மறுக்கப்பட்டதால் நீதிமன்றம் போனார். நீதிமன்ற உத்தரவுப்படி 1986-ல் அந்நாட்டின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் இயந்திரத்தைச் சோதித்தது. சோதித்த எல்லா நிலைகளிலும் உள்ளே போன மின்சாரம்தான் வெளியே வந்ததைவிட அதிகமாக இருந்தது.

அயர்லாந்தின் ஸ்டியோர்ன் நிறுவனம் 2006-ல், காந்தங்களைக் கொண்டு இலவச ஆற்றல் தரும் முறையைக் கண்டுபிடித்ததாக ‘தி எகனாமிஸ்ட்’ இதழில் விளம்பரமே கொடுத்து, சோதிக்க விஞ்ஞானிகளை அழைத்தது. 2007-ல் லண்டனில் பொதுமக்களுக்குக் காட்டுவதாக அறிவித்த செயல்விளக்கம் நடக்கவில்லை. 22 பேர் கொண்ட நடுவர் குழு 2009-ல், ஆற்றல் உற்பத்தியாவதை நிறுவனம் நிரூபிக்கவில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

‘பேட்டன்ட் இருக்கிறதே!’

விண்ணப்ப எண்ணையும் பேட்டன்ட்டையும் குழப்பி விற்பது பழைய தந்திரம். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், எண் கிடைத்துவிடும். பொதுவாக 18 மாதங்களில் விண்ணப்பம் வெளியிடப்படும். அது பரிசோதித்து அளிக்கப்பட்ட உரிமை ஆகாது. 1970-ம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் 3-ம் பிரிவின் (அ) உட்பிரிவு, நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணான எதையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை.

வெளிநாட்டில் சில நழுவியதும் உண்டு. அமெரிக்காவில் 1979-ல் ஹோவர்ட் ஜான்சன் என்பவருக்கு நிலைக் காந்த மோட்டாருக்கான பேட்டன்ட் அளிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த மோட்டாரில் ஓடும் ஒரு பம்புசெட் கடைக்கு வரவில்லை. பேட்டன்ட் என்பது அடுத்தவர் நகல் எடுக்காமல் தடுக்கும் உரிமை. இயந்திரம் ஓடும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

தோட்டத்தில் செய்ய வேண்டிய சோதனை

சிலர் கணினியோடு நிற்காமல் இயந்திரத்தையே கொண்டுவந்து காட்டுவார்கள். அப்போது கேட்க வேண்டியது எத்தனை நிமிடம் ஓடியது, எவ்வளவு பாரத்தோடு ஓடியது என்பதைத்தான்.

கிணற்றிலிருந்து மொத்தம் 30 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றுவதாகவும், 200 லிட்டர் பேரல் 40 வினாடியில் நிறைவதாகவும் வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 5 லிட்டர். இந்தத் தண்ணீரைத் தூக்க மட்டும் சுமார் 1,470 வாட் வேண்டும். பம்பிலும் மோட்டாரிலும் போகும் இழப்பைச் சேர்த்து மொத்தத் திறன் 45 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், இயந்திரம் சுமார் 3.3 கிலோவாட் கொடுத்தாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 3.3 யூனிட்.

பெட்டிக்குள் ஒளித்து வைத்த ஒரு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும். முழுவதையும் எடுத்தாலும் அந்த மோட்டாரை அரை மணி நேரம்தான் ஓட்டும். ஆகவே 20 நிமிடச் செயல்விளக்கம் எதையும் நிரூபிக்காது.

கனமான சக்கரமும் ஏமாற்றும். 100 கிலோ எடை, 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டையான இரும்புச் சக்கரத்தை நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டு வயரைப் பிடுங்கினால், அதில் சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கொண்டு ஒரு 100 வாட் பல்பைச் சுமார் 9 நிமிடம் எரிக்கலாம். கூடியிருப்பவர்கள் கைதட்ட 9 நிமிடம் போதும். அதே சக்கரம் 3.3 கிலோவாட் மோட்டாரை 17 வினாடிதான் ஓட்டும்.

எனவே விவசாயி வைக்க வேண்டிய நிபந்தனைகள் இவை: பேட்டரி எதுவும் இருக்கக் கூடாது, பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். இயந்திரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அடியில் வயர் இல்லை என்று காட்ட வேண்டும். சொந்தத் தோட்டத்தில், சொந்த மோட்டாரோடு இணைத்து, குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் இறைக்க வேண்டும். மின்சாரத்தை வீட்டு மீட்டர் போன்ற யூனிட் மீட்டரில் அளக்க வேண்டும். ஆம்பியரையும் வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து பெருக்கிக் காட்டினால், மோட்டார் பாரத்தில் அது உண்மையைவிட அதிகமாகத் தெரியும். இவை அத்தனையும் முடிந்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச்சு.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

*கேள்வி: பி.எல்.டி.சி ஃபேனில் காந்தம் வைத்துத்தான் கரன்ட் மிச்சமாகிறது என்கிறார்களே, அதுவும் பொய்யா?*

பொய்யில்லை. சாதாரண மின்விசிறி 70 முதல் 80 வாட் இழுக்கும் இடத்தில், காந்தம் பதித்த அந்த வகை 28 முதல் 35 வாட்டில் ஓடும். வீணாகும் மின்சாரத்தை அது குறைக்கிறது, மின்சாரத்தை உண்டாக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடும். காந்தத்தால் கிடைக்கும் நேர்மையான பயன் இதுதான்.

*கேள்வி: மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். காந்த மோட்டாரைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான். தடுக்க வேண்டுமா?*

தடுக்க வேண்டாம். மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் செய்யச் சொல்லுங்கள். பிழையைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை நல்ல பொறியாளராக வருவான். கணினிக் கணக்குக்குச் செலவு இல்லை. அதை நம்பிக் காந்தம் வாங்கவும் லேத் பட்டறைக்குக் கொடுக்கவும் நகையை அடகு வைக்கும்போதுதான் தடுக்க வேண்டும்.

*கேள்வி: முன்பணம் கொடுத்துவிட்டோம். என்ன செய்வது?*

ரசீது, வங்கிப் பரிவர்த்தனை, வாட்ஸ்அப் உரையாடல், வீடியோ எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. நேரில் கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915 எண் இருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். புகார் வந்தால்தான் அடுத்த ஊர் தப்பிக்கும்.

*கேள்வி: மின் இணைப்பு கிடைக்கும்வரை வேறு வழி?*

சோலார் பம்புசெட் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. 5 எச்.பி-க்குச் சுமார் 4,800 வாட் தகடுகள் தேவை. தண்ணீரைத் தூக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று அதில் கண்ணால் பார்க்கலாம். மேகம் மூடினால் தண்ணீர் குறையும். மானியம், தகுதி, விண்ணப்பம் பற்றி அந்தந்தக் கோட்டத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளலாம். மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லும் போலி இணையதளங்களும் உலவுவதால், அலுவலகத்தில் கேட்காமல் எங்கும் பணம் கட்ட வேண்டாம். ஏற்கெனவே டீசல் இன்ஜினில் இறைப்பவர்கள், ஃபுட் வால்வு கசிவைச் சரிசெய்வது, தேவையில்லாத வளைவுகளை நீக்குவது, போதுமான அகலமுள்ள பைப் போடுவது ஆகியவற்றைச் செய்தாலே அதே டீசலில் கூடுதல் தண்ணீர் வரும்.